வலது கை ஓட்டை

எங்கள் ஏஜென்சி முடித்த வழக்குகளை எழுதி வைப்பது என் வேலை. கொஞ்சம் உப்பு காரம் சேர்த்து, நடுவில் என்னையும் ஒரு புத்திசாலியாகக் காட்டி எழுதுவது வழக்கம். இந்த ஒன்றை மட்டும் இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். நேற்று மேடம், "அதை எப்பதான் எழுதப் போறே?" என்று கேட்டேவிட்டார். சரி, எழுதித் தொலைக்கிறேன். போகப்போவது என் மானம்தானே.

மேடம் என்றால் ஜோதிலட்சுமி. ஐம்பத்து நாலு வயது. செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் எங்கள் ஆபீஸ். 'துப்பறியும் நிறுவனம்' என்று போர்டு இருந்தாலும் முக்கால்வாசி வரன் விசாரணைதான். மாப்பிள்ளை குடிப்பானா, சொன்ன சம்பளம் நிஜமா, படித்த படிப்பு நிஜமா. அந்தக் கடைசி விஷயத்தில் மேடம் புலி. பத்து நிமிஷம் பேச்சுக் கொடுத்தால் போதும், மாப்பிள்ளை எந்த செமஸ்டரில் ஊத்திக்கொண்டான் என்று சொல்லிவிடுவார். நான் அவருடைய உதவியாளன். எஸ். ஸ்டான்லி, பி.இ. அப்போது விசிட்டிங் கார்டில் அப்படித்தான் போட்டிருந்தோம்.

அன்று சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு ஒரு பெரியவர் தோளில் நீளமாக எதையோ சுருட்டி வைத்துக்கொண்டு, படியில் இடித்து இடித்து ஏறி வந்தார்.

"பந்தல் போட வந்தீங்களாண்ணே? இங்க விசேஷம் எதுவும் இல்லையே" என்றேன்.

அவர் சுருளைத் தரையில் பிரித்தார். பத்தடி ஃப்ளெக்ஸ் பேனர். ஆபீஸ் கொள்ளாமல் பாதி படிக்கட்டில் இறங்கியது. கறுப்பு கவுன், தலையில் சதுரத் தொப்பி, பின்னால் கடல். ஒரு பையன் வலது கையில் சுருட்டிய காகிதத்தைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். 'எங்கள் குலத்தின் முதல் பொறியாளர் நிதின்' என்று மேலே எழுத்து. கீழே பாஸ்போர்ட் சைஸில் முப்பத்திரண்டு சொந்தக்காரத் தலைகள்.

அந்த கவுனைப் பார்க்காமல் இருக்கத்தான் அந்தத் தலைகளை எண்ணினேன்.

"எம் புள்ள மேடம்" என்றார் பெரியவர். பெயர் எல்லப்பன். கூடுவாஞ்சேரிக்கு உள்ளே ஒரு கிராமம். விவசாயத்தை விட்டுவிட்டுக் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். "பொத்தேரியில இன்ஜினீரு முடிச்சிட்டான். எங்க வூட்ல காலேஜி வாசல மிதிச்ச மொத ஆளு. காலேஜில குட்த்த கவுன உடனே வாங்கிகினாங்களாம், போட்டோ சரியா வரலியாம். அதான் மாமல்லபுரத்துல வாடகைக்கு எடுத்து, பீச்சாண்ட நின்னு புடிச்சிகினான்."

"நல்லாத்தானே இருக்கு. இதுல என்ன பிரச்னை?"

"அந்தக் கடைக்காரன்தான். சம்பத்துன்னு பேரு. கவுன் கையில சிகரெட்டால ஓட்ட போட்டுட்டன்னு சொல்லி, இவன் அடமானமா வெச்ச டிகிரி சர்ட்டிபிகேட்ட குடுக்க மாட்டன்றான். ஒரு மாசமா அலைய வுடறான். திங்கக்கெயம மறைமலை நகர்ல ஒரு கம்பெனில சேரணும் மேடம். ஒரிஜினலு இல்லாம உள்ள வுட மாட்டாங்களாம்."

"பையன் ஏன் வரலை?"

"ரூம சாத்திகினு படுத்துகீறான். போலீசாண்ட போலாம்னா வேணாம் வேணாம்ன்றான். பயந்த புள்ள. அவனுக்குத் தெரியாமத்தான் நான் இங்க வந்தேன்."

"கடைக்காரன் கேக்கறதைக் கொடுத்துட்டு வாங்கிடலாமே?"

எல்லப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "குட்த்தா எம் புள்ள சுட்டான்னு ஆயிடும்ல மேடம்? பீடி சிகரெட்டு தொடாத புள்ள. செய்யாதத செஞ்சேன்னு ஒத்துக்கினு வாங்கணுமா?"

மேடத்துக்கு அந்த ஒரு வார்த்தை போதும். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "ஸ்டான்லி, கிளம்பு."

குட்டியானையில் அவர்கள் இருவரும் முன்னால் போக, நான் பைக்கில் பின்னால் போனேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை, வண்டி பஞ்சராகாதா என்று வேண்டிக்கொண்டே போனேன். ஆகவில்லை.

மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் ரோட்டிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில் இருந்தது சம்பத்தின் கடை. கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுக்க வரும் ஜோடிகளுக்கு கோட்டு, கவுன், ராஜா வேஷம் என்று எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும்.

"இறங்கு ஸ்டான்லி" என்றார் மேடம்.

"நான் வண்டியைப் பார்த்துக்கறேன் மேடம். யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"உன் வண்டியையா?"

வேறு வழி இல்லாமல் இறங்கினேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே போனேன். மேடம் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சம்பத் நாற்பது வயது ஆள். வாயில் தேன் வடியும். "வாங்க மேடம், ஒக்காருங்க" என்று அந்த கவுனை எடுத்து மேசைமேல் விரித்தான். வலது கை மணிக்கட்டு ஓரத்தில் ஒரு ஓட்டை. பழைய எட்டணா அளவு. மேடம் அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"புதுசா சுட்டா துணி ஓரம் உருகி முறுக்கிக்கிட்டு விரல்ல குத்தும். இது வழவழன்னு தேஞ்சு கிடக்கே சம்பத்?"

"வாஷ் பண்ணேன் மேடம்."

"ஒரே வாஷ்லயா?"

"நம்ம மிஷினு அப்டி மேடம்."

எல்லப்பனுக்குப் பொறுக்கவில்லை. "எம் புள்ள டிகிரி சர்ட்டிபிகேட்ட எட்றா மொதல்ல!"

"டிகிரியா? அப்டி எதுவும் எங்கிட்ட இல்ல பெரியவரே. உம் புள்ள ஒரு கவரு குட்த்தான். அது உள்ள பத்திரமா கீது. ஓட்டைக்கு ஒரு வழி சொல்லிட்டு வாங்கினு போ."

"பாத்தீங்களா மேடம்? ஒரு வாயால இல்லன்றான், அதே வாயால கீதுன்றான். திருட்டுப் பய!"

வாசலில் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சம்பத் கோபப்படவே இல்லை. என் பக்கம் திரும்பி, "ஹெல்மெட்டு சாருக்கு வேர்க்கலியா?" என்றான்.

"ஊசி போட்டிருக்கேன். காத்துப் படக் கூடாது" என்றேன், குரலை மாற்றி.

மேடம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையாக எட்டுப் பத்து ஆணிகள். ஒவ்வொரு ஆணிக்கும் கீழே பெயிண்ட் வெளுக்காமல் ஒரு சதுரம் பளிச்சென்று இருந்தது.

"இங்க மாட்டியிருந்த படமெல்லாம் எங்கே?"

"பெயிண்டு அடிக்கப் போறேன் மேடம். அதான் கயட்டிட்டேன்."

"பெயிண்ட் டப்பா எங்கே?"

"வரும்" என்றான் சம்பத்.

வெளியே வந்ததும் மேடம் சொன்னார். "அந்த ஓட்டை ரொம்ப நாளா இருக்கு. வாடகைக்கு எடுக்கறவன் தலையில எல்லாம் அதையே கட்டறான். பழைய வாடிக்கைக்காரங்க படத்துல ஓட்டை தெரியும்னுதான் கழட்டிட்டான். இதுக்கு முன்னாடி இந்த கவுனைப் போட்ட ஒரே ஒருத்தன் போட்டோ கிடைச்சா போதும்."

"யார் போன்ல போய்த் தேடறது மேடம்?" என்று அந்தப் பேச்சை அங்கேயே முடிக்கப் பார்த்தேன்.

மேடத்தின் கண் குட்டியானையில் கிடந்த பேனர் சுருளுக்குப் போனது. "போன் எதுக்கு? நம்ம பக்கத்துல கவுன் போட்டவன் எவன் பேனர் வைக்காம இருந்திருக்கான்? வச்ச பேனரை எவனாவது குப்பையில போட்டுப் பார்த்திருக்கியா?"

பார்த்ததில்லை. விசேஷம் முடிந்த மறுநாளே அது ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போய்விடும், இல்லாவிட்டால் குளியல் மறைப்பாகவோ லோடு வண்டிக்குப் போர்வையாகவோ ஆகிவிடும். மேடத்தின் யோசனை நல்ல யோசனை. வேறு எந்த நாளாக இருந்தாலும் நானே கை தட்டியிருப்பேன்.

ஈ.சி.ஆரில் வடக்கே கோவளம் வரைக்கும் ஒவ்வொரு கொட்டகையாக நின்று பார்த்தோம். ஒரு கண்ணீர் அஞ்சலியின் கீழே கோழிகள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு காதுகுத்து விழா, படகு இன்ஜினை மூடிக்கொண்டிருந்தது. கவுன் போட்டவர்கள் இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவன் கையைக் கட்டிக்கொண்டிருந்தான், இன்னொருவன் மேல் கீரை விதை காய்ந்துகொண்டிருந்தது. தள்ளிப் பார்த்தால் நீல கவுன்.

கோவளம் பஸ் ஸ்டாப்பை எட்டும்போது மணி இரண்டு. எல்லப்பன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டீயரிங்கில் தலை சாய்த்துக்கொண்டார். காலையிலிருந்து மனிதர் ஒன்றும் சாப்பிடவில்லை. எதிரே ஒரே ஒரு டிபன் கடைதான் திறந்திருந்தது. அது என் அக்கா சிநேகாவின் கடை.

அக்கா வடையும் டீயும் கொடுத்தாள். எல்லப்பன் டீயை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"சாப்டுங்கண்ணே" என்றேன்.

"வூட்ல அவன் துன்னாம கீறான் தம்பி. எனக்கு எப்டி எறங்கும்? பொய் சொல்ற புள்ளயா இருந்தா நானே ரெண்டு அற வுட்டிருப்பேன். நிதினு அப்டி கெடயாது. படிச்ச புள்ளீங்க அதெல்லாம் செய்யாது. நீயும் படிச்சவன்தான, ஒனக்குத் தெரியாதா?"

தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். கடைக்குப் பின்பக்கம் வெயிலுக்காகக் கட்டியிருந்த மறைப்பின் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன்.

"டேய், இன்னாடா பண்ற? அடுப்புல வெயிலு அடிக்குது!" என்று அக்கா கத்தினாள்.

மறைப்பைத் திருப்பித் தரையில் போட்டேன். எழுத்துப் பக்கம் உள்ளே இருந்ததால் சாயம் போகவில்லை. நாலு வருஷத்துக்கு முந்தைய நான். இப்போது இருப்பதைவிடப் பன்னிரண்டு கிலோ குறைவு. கறுப்பு கவுன், பின்னால் அதே கடல், தூக்கிய வலது கை. மணிக்கட்டு ஓரத்தில், டீத்தட்டு அளவுக்கு ஒரு ஓட்டை. அதற்குள்ளே என் வெள்ளைச் சட்டை பளிச்சென்று தெரிந்தது. மேலே, 'எங்கள் குலத்தின் முதல் பொறியாளர்'. ஃப்ளெக்ஸ் அடிப்பவரிடம் அந்த ஒரு வாசகம்தான் இருக்கும் போல.

மேடம் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "நீயும் சம்பத்கிட்டயா எடுத்தே?"

"ஆமா மேடம். காலேஜ்ல கொடுத்த கவுனை உடனே வாங்கிக்கிட்டாங்க. போட்டோ சரியா வரலை."

நிதின் அவன் அப்பாவிடம் சொன்ன அதே வாக்கியம். ஒரு சொல் மாறாமல் என் வாயிலிருந்து வந்தது.

"ஹெல்மெட் அதுக்குத்தானா?"

"என் தலையிலயும் அந்த ஓட்டையைக் கட்டினான் மேடம். கேட்டதைக் கொடுத்துட்டு வந்தேன். நம்ம தொழில்ல இருந்துக்கிட்டு ஏமாந்தேன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு."

வெட்கம் என்றது நிஜம். மற்றது பாதி நிஜம். எல்லப்பன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீ நல்லா இருக்கணும். எம் புள்ள மானத்த காப்பாத்திட்ட." அவர் கண் கலங்கியிருந்தது. நான் குனிந்து பேனரைச் சுருட்டினேன்.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் அரை மணி நேரம். எங்கேயாவது வண்டியை மறித்து எல்லப்பனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேடத்திடமாவது சொல்லியிருக்கலாம். காலையில் பேனர் பிரிந்த நிமிஷத்திலேயே எனக்கு விஷயம் தெரியும். சொன்னால் என் கதையும் சேர்ந்து வெளியே வரும். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

சம்பத்தின் கடை வாசலில், சந்தை அடைத்து இரண்டு பேனரையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார் எல்லப்பன். ஆட்டோக்காரர்கள், சங்கு மாலை விற்கிறவர்கள், சுற்றுலா வந்தவர்கள் என்று இருபது பேர் கூடிவிட்டார்கள். எல்லப்பனுக்கு இன்னும் ஆள் சேர்ந்தாலும் சந்தோஷம்தான்.

மேடம் கவுனைக் கொண்டுவரச் சொல்லி, அதன் கையை என் படத்துக் கைமேல் வைத்தார். ஓட்டை அதே இடம், அதே வடிவம்.

"இது நாலு வருஷம் முன்னாடி எடுத்தது. அப்பவே இருக்கற ஓட்டையை, போன மாசம் வந்த நிதின் எப்படிச் சுட்டிருப்பான், சம்பத்?"

"இன்னா மச்சான், மாட்டிகினியா?" என்று ஒரு ஆட்டோக்காரர் சிரித்தார். கூட்டம் சேர்ந்து சிரித்தது. சம்பத் உள்ளே போய் ஒரு பழுப்புக் கவரைக் கொண்டுவந்து நீட்டினான்.

எல்லப்பன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரித்தார். உள்ளே ஒரே ஒரு தாள். பிளஸ் டூ மார்க் ஷீட். கவருக்குள் கையை விட்டுத் துழாவினார். தலைகீழாகக் கவிழ்த்து உதறினார். பிறகு பாய்ந்து சம்பத்தின் சட்டையைப் பிடித்தார்.

"டிகிரி எங்கடா?"

"கைய எடு பெரியவரே." சம்பத்தின் குரலில் இப்போது தேன் இல்லை. "கவுனு விஷயத்துல பொய் சொன்னேன், ஒத்துக்கறேன். இதுல சொல்லல. காலையிலயே இல்லன்னேனே. டிகிரி கீறவன் காலேஜில மேடயேறி, அங்கியே போட்டோ புடிச்சிகினு போய்டுவான். எங்கிட்ட வந்து கவுன் எடுக்கறவங்க பாஸாவாதவங்க. நான் இன்னா சொன்னாலும் வெளிய போய் சொல்ல மாட்டாங்க. அந்தத் தைரியத்துலதான் ஓட்டைய தெக்காமலே வெச்சிருந்தேன்."

"பொய்யி! எம் புள்ள..."

"நம்பலன்னா, தோ, படத்துல கீற இந்த சாரையே கேளு. இவரும் இதே மாரி பிளஸ் டூ மார்க்கு ஷீட்டுதான் வெச்சிட்டுப் போனாரு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தரையில் கிடந்த நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஹெல்மெட் வண்டியிலேயே தங்கிவிட்டது.

"அப்படியா ஸ்டான்லி?" என்றார் மேடம்.

எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு நக்கல் இருக்கும். அன்று தேடினேன், இல்லை. "ஆமா மேடம்."

"இந்தப் பையனும் அப்படித்தான்னு எப்பத் தெரியும்?"

"காலையில. பேனரைப் பிரிச்சதும்."

"ஊரான் வீட்டு மாப்பிள்ளை படிப்பையெல்லாம் தோண்டித் தோண்டிப் பார்த்தேன்" என்றார் மேடம். யாரிடமும் சொல்கிற மாதிரி இல்லை. "என் மேசைக்கு எதிர்ல உட்கார்ந்திருந்தவனை ஒரு வார்த்தை கேட்கலை. எனக்கும் இது வேணும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கூட்டத்தில் ஒருவன் பேனர்களைப் போனில் படம் எடுத்தான். நான் ஓடிப்போய் முதலில் நிதினைச் சுருட்டினேன். என்னைச் சுருட்டுவதற்குள் இன்னும் இரண்டு பேர் எடுத்துவிட்டார்கள்.

எல்லப்பன் சம்பத்தின் சட்டையை விட்டார். கசங்கிய இடத்தைத் தன் கையாலேயே நீவிவிட்டார். "மன்னிச்சிக்கப்பா. இல்லாதத இல்லன்னுதான் சொல்லிகீற. ஒன்ன திருடன்னுட்டேன்."

சம்பத் தலையைக் குனிந்துகொண்டான். அந்த ஆளுக்கும் எங்கேயோ உறைத்திருக்க வேண்டும்.

"உள்ள இன்னும் எத்தனை கவர் இருக்கு?" என்றார் மேடம்.

"ஏழு மேடம்."

"ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, சும்மா வந்து வாங்கிட்டுப் போகச் சொல்லு. ஏழு போனும் முடியற வரைக்கும் நான் இங்கேயே உட்கார்ந்திருப்பேன். அப்புறம் ஊசி நூல் எடுத்து அந்த ஓட்டையைத் தை." அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சம்பத் போனை எடுத்தான்.

அவன் ஏழாவது ஆளிடம் பேசி முடித்து, மேடம் வெளியே வந்தபோது, எல்லப்பன் குட்டியானையின் பின்பலகையில் மடியில் கவரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நிற்க எனக்கு முகம் இல்லை. நாலடி தள்ளி நின்றேன். அவருடைய போன் அடித்தது. காது சரியாகக் கேட்காததால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அப்பா, எங்க கீற?"

"மாமல்லபுரத்துல. சம்பத்து கடையாண்ட."

எல்லப்பன் மடியில் இருந்த கவரை இன்னொரு தடவை பிரித்துப் பார்த்தார்.

"கவரு வாங்கிட்டேன் நிதினு. உள்ள பிளஸ் டூ மார்க்கு கீது."

அந்தப் பக்கம் பையன் அழும் சத்தம் கேட்டது. எல்லப்பன் அவன் அழுது ஓயட்டும் என்று கடல் பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"திங்கக்கெயம வேலன்னியே, அதுவும் சும்மாவா?"

"இல்லப்பா. வேல நெசம். ஹெல்ப்பரு வேல. பிளஸ் டூ ஒரிஜினலு மட்டும் கேட்டாங்க. ஒன்னாண்ட எப்டி சொல்றதுன்னு தெரியல."

"எத்தினி பேப்பரு பாக்கி?"

"பதினொன்னு."

எல்லப்பன் போனை உள்ளங்கையால் மூடினார். "மேடம், பதினொன்னுன்னா நெறயவா?"

மேடம் என்னைப் பார்த்தார்.

"நெறயதான்ணே" என்றேன். "எனக்கு ஒம்பது. அதையே நான் எழுதாம வுட்டுட்டேன்."

எல்லப்பன் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. அதுதான் இன்றுவரைக்கும் என்னைத் தூங்கவிடாமல் பண்ணுகிறது. பிறகு கையை எடுத்துவிட்டுப் போனில் பேசினார்.

"நிதினு, கேக்குதா? நான் வந்துகினு கீறேன். ஒங்கம்மாவாண்ட நீ ஒண்ணும் சொல்லாத. நானே சொல்லிக்கறேன்."